லெம்மிங் யார் பின்னாலும் போவதில்லை: கில்பிஸ்யர்வி பயணக் குறிப்புகள்

ஞாயிறு, ட்ரோம்சோ

வடக்கு நார்வேக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வானத்தில் பச்சை வெளிச்சம் பார்க்கத்தான் வருகிறார்கள், இல்லையென்றால் திமிங்கிலம். நாங்கள் வந்திருப்பது ஒரு எலியைப் பார்க்க. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டபோது இதைத்தான் சொன்னேன், மனிதர் அப்புறம் தரையிறங்கும் வரை வாயே திறக்கவில்லை.

லெம்மிங். பெயரைக் கேட்டதும் என்ன ஞாபகம் வரும் என்று தெரியும். கூட்டங்கூட்டமாக ஓடி, மலை விளிம்பிலிருந்து கடலில் குதித்துச் செத்துப்போகும் பிராணி. என்னோடு வந்திருக்கும் நண்பன் பங்குச் சந்தையில் கொஞ்சம் காசு போட்டு எடுக்கிறவன். அவனுடைய வாட்ஸப் குழுவில், ஊரே வாங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு பங்கை வாங்குகிறவனுக்கு 'லெம்மிங்' என்றுதான் பட்டப்பெயராம். "உன்னையும் கூப்பிட்டிருக்காங்களாடா?" என்றேன். பதில் இல்லை. அதிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

ட்ரோம்சோவில் இன்று பெரிதாக எதுவும் செய்யவில்லை. மழைத் தூறல், காப்பி விலையைப் பார்த்து வந்த நடுக்கம், அப்புறம் நேபாளத்து ஷெர்பாக்கள் வந்து கட்டிக்கொடுத்த அந்த 1200 சொச்சம் கல்படிகளில் பாதி ஏறி, மேகத்துக்குள் போய், ஒன்றும் தெரியாமல் திரும்பியது. அவ்வளவுதான்.

ஆனால் இந்த ஊரில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நகர முடியாது. 1923இல் சார்லஸ் எல்டன் என்ற ஆக்ஸ்ஃபோர்டு இளைஞர் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு ஆராய்ச்சிப் பயணம் போய்விட்டுத் திரும்பும் வழியில் ட்ரோம்சோவில் இறங்கினார். கையில் மிச்சமிருந்த கொஞ்சக் காசில் ஒரு புத்தகக் கடையில் நார்வே பாலூட்டிகளைப் பற்றி ராபர்ட் காலெட் எழுதிய தடிமனான நூலை வாங்கினார். அவருக்கு நார்வே மொழி தெரியாது. அகராதியை வைத்துக்கொண்டு கஷ்டப்பட்டுப் படித்தார். எந்தெந்த வருடம் மலைகளில் லெம்மிங் பெருகிக் கீழே இறங்கியது என்று அதில் இருந்தது. அந்த வருடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு தடவை என்று ஒரு தாளம் தெரிந்தது. அப்புறம் கனடாவில் ஹட்சன் பே கம்பெனிக்காரர்கள் வாங்கிய நரித்தோல் கணக்கை எடுத்துப் பார்த்தால் அதிலும் அதே மாதிரி ஏற்ற இறக்கம். 1924இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். உயிரினங்களின் எண்ணிக்கை ஏன் ஏறி இறங்குகிறது என்று ஒரு துறையே அதன் பிறகுதான் வளர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், லெம்மிங் கடலைத் தேடிப் போய்த் தயங்காமல் பாய்கிறது என்பதை எல்டனும் அப்போது நம்பித்தான் எழுதினார்.

திங்கள், ஈ8 நெடுஞ்சாலை

வாடகைக் கார். ட்ரோம்சோவிலிருந்து பின்லாந்து எல்லை தாண்டி கில்பிஸ்யர்வி வரை சுமார் 160 கிலோமீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஒன்றுமே இல்லை, ஆனால் சாலை ஃபியோர்டின், அதாவது மலைகளுக்கு நடுவே நீளமாகப் புகுந்திருக்கும் கடலின், விளிம்பைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போவதாலும், நண்பன் ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்தி போட்டோ எடுப்பதாலும் சாயங்காலம் ஆகிவிட்டது. ஷிபொத்ன் என்ற இடத்தில் கடலை விட்டுவிட்டு மலைக்குள் ஏறுகிறது. ஏற ஏற பைன் மரம் போய் பிர்ச், பிர்ச்சும் குட்டையாகி முறுக்கிக்கொண்டு, கடைசியில் மொட்டைப் பாறையும் சதுப்பும்தான். ரெயின்டீர் நடுரோட்டில் நிற்கின்றன. ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்க்கின்றன, நகர்வதில்லை.

கில்பிஸ்யர்வி என்பது ஏரியின் பெயர், கரையில் இருக்கும் ஊருக்கும் அதுதான் பெயர். பின்லாந்து வரைபடத்தில் வடமேற்கே ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா, அதன் விரல் நுனி. ஒரு பெரிய கடை, பெட்ரோல் பங்க், தங்கும் குடில்கள், ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையம். நாங்கள் இங்கே வந்ததற்கு அந்த நிலையம்தான் காரணம். நிலையம் 1964இல் தொடங்கியது, ஆனால் சுற்றியுள்ள சிறு கொறிணிகளை எண்ணும் வேலை 1940களிலேயே ஆரம்பித்துவிட்டது. போர் முடிந்த கையோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் படை பின்லாந்தை விட்டு முழுசாக வெளியேறியதே இந்தப் பக்கம் வழியாகத்தான், 1945 ஏப்ரல் கடைசியில். அதற்குச் சில வருடங்களுக்குள் ஒருவர் எலிப்பொறியோடு இங்கே அலைந்திருக்கிறார் என்றால் அந்தப் பைத்தியத்துக்கு ஒரு வணக்கம் போடலாம்.

செவ்வாய், சானா மலை

சானா 1029 மீட்டர். ஏரியே 473 மீட்டரில் இருப்பதால் ஏற வேண்டியது பாதிதான். காலையில் கிளம்பினோம். ஆகஸ்ட் கடைசி, குட்டைப் பிர்ச் இலைகள் சிவக்க ஆரம்பித்திருக்கின்றன. பாதை ஓரமெல்லாம் புளூபெர்ரி, நண்பன் வாய் முழுக்க நீலம்.

லெம்மிங் ஒன்றும் கண்ணில் படவில்லை. ஆனால் அது இருந்ததற்கு அடையாளம் வேண்டிய மட்டும். புல்லுக்குள் விரல் அகலத்துக்குச் சின்னச் சின்ன ஓடுபாதைகள். பாசிமேல் பச்சையும் பழுப்புமாக எச்சம். சில பள்ளங்களில் பாசி கத்தரியால் வெட்டிவிட்ட மாதிரி மொட்டையாக இருந்தது. அங்கங்கே காய்ந்த புல் உருண்டைகள் தரையில் சும்மா கிடந்தன. யாரோ வைக்கோலை உருட்டிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துத் தாண்டிப் போனோம். சாயங்காலம் நிலையத்தில் ஒரு ஆராய்ச்சியாளரிடம் பேசக் கிடைத்தது, அவர்தான் விளக்கினார்: அவை லெம்மிங்கின் குளிர்காலக் கூடுகள். கட்டியது தரையில், ஆனால் அப்போது அதன் தலைக்கு மேல் ஒரு ஆள் உயரப் பனி. பனி உருகியதும் கூடு வெட்டவெளியில் அம்போ என்று கிடக்கிறது. பிரித்துப் பார்த்து உள்ளே லெம்மிங் முடி மெத்தையாக இருந்தால், வீசல் (கீரி மாதிரி ஒல்லியான வேட்டைப் பிராணி) உள்ளே புகுந்து வீட்டுக்காரரைத் தின்றுவிட்டு அவர் ரோமத்தையே விரித்துப் படுத்திருக்கிறது என்று அர்த்தமாம். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

குளிர்காலம் பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. லெம்மிங் உறங்கிக் கழிக்கிற பிராணி கிடையாது. வெளியே மைனஸ் முப்பது இருக்கும்போது பனிக்கு அடியில், தரையை ஒட்டி, கிட்டத்தட்ட பூஜ்ஜியத்தில் நிற்கும் ஒரு இடைவெளி உண்டு. மண்ணின் சூடு கீழிருந்து பனியைக் கொஞ்சம் கரைப்பதால் உண்டாகும் இடம். அங்கே சுரங்கம் போட்டு, பாசி தின்று, குட்டியும் போடுகிறது, நடு இருட்டுக் குளிர்காலத்தில். கர்ப்பம் சுமார் மூன்று வாரம். பெண் குட்டி பிறந்து மூன்று வாரம் ஆகும்போதே தானும் சினையாகிவிடலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பனி நன்றாக, உலர்ந்ததாக, நீண்ட நாள் நின்றால் வசந்தத்தில் பனி விலகும்போது தரை முழுக்க லெம்மிங். அந்தக் காலத்து ஆட்களுக்கு இது எப்படித் தெரியும்? நேற்று வரை ஒன்றுகூட இல்லை, இன்றைக்கு ஆயிரம் இருக்கிறது என்றால் வானத்திலிருந்துதான் விழுந்திருக்க வேண்டும். ஓலாஸ் மாக்னஸ் என்ற சுவீடன் பாதிரியார் 1555இல் ரோமில் அச்சிட்ட நூலில் அப்படித்தான் எழுதினார், மேகத்திலிருந்து லெம்மிங் கொட்டுகிற மாதிரி மரச்செதுக்குப் படமும் போட்டார். நூறு வருடம் கழித்து கோபன்ஹேகன் மருத்துவர் ஓலே வோர்ம் ஒன்றை அறுத்துப் பார்த்து, இது மற்ற எலிகள் மாதிரி பெற்றுப் பிறந்ததுதான், மேகத்தில் உண்டானதல்ல என்றார். ஆனாலும் காற்று அதைத் தூக்கி வந்து போட்டிருக்கலாம் என்று ஒரு ஓரத்தில் இடம் விட்டார் பாருங்கள்! பெரிய மனிதர்கள் பழைய கதையை ஒரேயடியாகக் கைவிடுவதில்லை.

புதன், மல்லா

இன்று கிடைத்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஊருக்கு வடமேற்கே மல்லா என்ற இயற்கைக் காப்பகம், விதிகள் கடுமை. பாதையை விட்டு ஓரடி விலகக் கூடாது. அதன் வழியாக நடந்தால் 11 கிலோமீட்டரில் நார்வே, சுவீடன், பின்லாந்து மூன்றும் சந்திக்கும் இடம். சோம்பேறிகளுக்குப் படகு உண்டு, அக்கரையில் இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்தால் போதும். போகும்போது படகு, வரும்போது நடை என்று சமரசம். எல்லைக்கல் ஒரு சின்ன ஏரிக்குள் மஞ்சள் பெயின்ட் அடித்த கான்கிரீட் கூம்பு, 1926இல் கட்டியது. மரப்பாலத்தில் அதைச் சுற்றி வந்தால் அரை நிமிடத்தில் மூன்று நாடு. நண்பன் நான்கு சுற்று சுற்றிவிட்டு வெளிநாட்டுப் பயண எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டான்.

திரும்பும் வழியில், ஒரு சதுப்பு ஓரம், காலுக்கு இரண்டடி தள்ளி ஒரு அலறல். கீச் என்று சொன்னால் போதாது. இவ்வளவு சின்ன உடம்பிலிருந்து இவ்வளவு கோபமா என்று தோன்றுகிற சத்தம். பார்த்தால் உள்ளங்கையில் அடங்குகிற உருண்டை, தலையும் தோளும் கறுப்பு, முதுகு மஞ்சள் பழுப்பு, பாறையில் முதுகை முட்டுக்கொடுத்துப் பின்கால்களில் எழுந்து நின்று, முன்பல்லைக் காட்டிக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஒரு கை பார்க்கத் தயாராக நிற்கிறது. நண்பன் ஷூவைக் கொஞ்சம் முன்னால் வைத்தான். அது ஷூ மேல் பாய்ந்தது! நூறு கிராம்கூட இருக்காது. "டேய், வந்துடுடா, ஜெயிச்சிடும் போலிருக்கு" என்று அவனை இழுத்துக்கொண்டு பின்வாங்கினேன். நாங்கள் பத்தடி நகர்ந்த பிறகும் திட்டிக்கொண்டே இருந்தது.

எலி என்றால் ஒளிய வேண்டும், பேசாமல் இருக்க வேண்டும். இதே மலையில் வாழும் வோல் எலிகள் மண் நிறத்தில், வாயைத் திறக்காமல் அப்படித்தான் நழுவிப் போகின்றன. இது மட்டும் ஏன் இப்படி? கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தின் மால்ட்டே ஆண்டர்ஷொன் 2015இல் எழுதியது நினைவுக்கு வந்தது: லெம்மிங்கின் பளிச்சென்ற நிறமும் சத்தமும் எச்சரிக்கை. குளவிக்கு மஞ்சள் கறுப்பு எதற்கோ அதற்குத்தான். என்னைத் தொட்டால் கடிப்பேன், சும்மா விடமாட்டேன் என்று எதிரிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது. பெரிய பிராணிகளிடம் எடுபடாமல் போகலாம், ஆனால் பறவை அளவு எதிரி ஒரு கணம் யோசிக்கும், அந்த ஒரு கணம் போதும்.

இதைத்தான் நடந்துகொண்டே யோசித்தேன். இந்தப் பிராணியையா 'கூட்டத்தின் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு போகிறவன்' என்பதற்கு அடையாளமாக வைத்தார்கள்? இது எவனையும் பின்பற்றாது. இன்னொரு லெம்மிங் எதிரே வந்தாலும் சண்டைதான். தனியாக வாழ்வது, தன் துண்டு நிலத்தில் யாரையும் விடாதது. தலைவன் கிடையாது, மந்தை கிடையாது.

அப்படியானால் அந்தக் கூட்டம்? உண்மைதான், சில வருடங்களில் இறங்குகிறது. ஆனால் எப்படி என்று பார்க்க வேண்டும். ஓலாவி காலெலா என்ற பின்லாந்து உயிரியலாளர் 1961இல் விவரமாக எழுதினார்: லெம்மிங் சாதாரண வருடங்களிலும் வீடு மாற்றும். குளிர்காலம் உயரத்தில், பனி ஆழமாக நிற்கும் பாசிப் பள்ளங்களில். பனி உருகி அந்தப் பள்ளமெல்லாம் தண்ணீராகும்போது கீழே சதுப்புகளுக்கு இறங்கும், இலையுதிர் காலத்தில் திரும்ப ஏறும். பெருகிய வருடத்தில் கீழே எங்கு போனாலும் இன்னொருவன் உட்கார்ந்திருக்கிறான், கடிக்கிறான். ஆகவே இன்னும் கீழே, காட்டுக்குள், ஊருக்குள். ஒவ்வொன்றும் தனித்தனியாக, மற்றதிடமிருந்து தப்பித்துத்தான் போகிறது. மலையும் பள்ளத்தாக்கும் இருக்கிற இருப்பில் எல்லாம் ஒரே பக்கம் சரிகின்றன, ஏரிக்கரையில் வந்து முட்டித் தேங்குகின்றன. பண்டிகைக்கு முந்தின நாள் ராத்திரி பஸ் நிலையத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் எல்லோரும் ஒரே மனதாக ஓடுகிற மாதிரித்தான் தெரியும். கிட்டப் போனால் ஒவ்வொருவனும் மற்றவனை முழங்கையால் இடித்துக்கொண்டிருப்பான்.

கரைக்கு வந்தது தண்ணீரில் இறங்கும், ஏனென்றால் நீந்தத் தெரியும். அலையில்லாத ஏரியை நன்றாகவே கடக்கும். அகலமான ஏரி, ஃபியோர்ட், காற்றடிக்கிற நாள் என்றால் முழுகிப்போகும், நிறையவே. அதைத் தற்கொலை என்றால் ஆற்றைக் கடக்கையில் அடித்துச் செல்லப்பட்ட ஆளையும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

கால் வலி. ராத்திரி சூப்பும் ரொட்டியும். தூங்கப் போகிறேன்.

வியாழன், மழை

வெளியே போக முடியவில்லை. குடிலுக்குள் உட்கார்ந்து நண்பனோடு சண்டை. "அப்ப அந்த வீடியோ? மலையிலேர்ந்து பொதபொதன்னு விழுதே, நானே பார்த்தேனே" என்றான்.

பார்த்திருப்பான். அது 1958இல் டிஸ்னி எடுத்த 'வைட் வில்டர்னெஸ்' படம். சிறந்த முழுநீள ஆவணப்படத்துக்கான ஆஸ்கரும் வாங்கியது. 1982இல் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி கிளறிப் பார்த்ததில் வண்டவாளம் வெளியே வந்தது. படப்பிடிப்பு நடந்த ஆல்பர்ட்டா மாகாணத்துக்குக் கடலே கிடையாது. லெம்மிங்குகளை மானிடோபா மாகாணத்தில் இன்யூட் பழங்குடிப் பிள்ளைகளிடம் காசு கொடுத்து வாங்கிக் கொண்டுவந்திருக்கிறார்கள். பனி போர்த்திய ஒரு சுழல்மேசையில் கொஞ்சத்தை ஓடவிட்டு, பல கோணங்களில் எடுத்துப் பெருங்கூட்டமாகக் காட்டினார்கள். கடைசிக் காட்சியில் 'கடல்' என்று வருவது ஒரு ஆறு. அதில் அவை குதிக்கவில்லை, தள்ளிவிடப்பட்டன. இது தெரிந்தபோது என் மனதுக்குப் பட்டது ஒன்றுதான்: ஒரு எலிக்கூட்டம் யோசிக்காமல் சாகிறது என்று காட்டுவதற்காக யோசித்து, திட்டம் போட்டு, சம்பளம் வாங்கிக்கொண்டு அதைக் கொன்றிருக்கிறார்கள்.

கதையை அந்தப் படம் உண்டாக்கவில்லை, அதற்கு முன்பே இருந்தது. ஆனால் 'நான் கண்ணால் பார்த்தேன்' என்று சொல்ல வைத்தது அதுதான். அதன் பிறகு சொல் தன்பாட்டுக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. 1985 ஜனவரியில் சூப்பர் பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தின்போது ஆப்பிள் கம்பெனி ஒரு விளம்பரம் போட்டது: கோட்டு சூட்டு போட்ட அலுவலக ஆட்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து, வரிசையாக மலை விளிம்பில் இருந்து விழுகிறார்கள். தலைப்பே 'லெம்மிங்ஸ்'. எங்கள் சரக்கை வாங்காத நீங்கள் எல்லாம் லெம்மிங் என்று வாடிக்கையாளரிடம் சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்? ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. 1991இல் ஸ்காட்லாந்தின் டன்டீ நகரத்து டிஎம்ஏ டிசைன் உருவாக்கிய 'லெம்மிங்ஸ்' கணினி விளையாட்டை நம்மில் சிலர் ஆடியிருப்போம், பச்சை முடி பொம்மைகள் வரிசையாக நடந்துபோய்க் குழியில் விழும், நாம் பள்ளம் தோண்டி, பாலம் போட்டுக் காப்பாற்ற வேண்டும். எனக்கு அந்த விளையாட்டு பிடிக்கும், அதில் மட்டும் கோபமில்லை.

நண்பன் விடவில்லை. "சரி, உவமை தப்புன்னே வச்சுக்கோ. நாங்க சொல்றது புரியுதுல்ல, அது போதும்" என்றான். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எனக்குத் தோன்றுவது, இந்த உவமை சந்தைக்காரர்களுக்கே கெடுதல் செய்கிறது. விலை சரியும் நாளில் எல்லோரும் ஒன்றாக விற்பது ஒருவரையொருவர் நம்பிப் பின்பற்றுவதால் மட்டுமா நடக்கிறது? ஒவ்வொருவனும் மற்றவனுக்கு முன்னால் வெளியே போய்விட வேண்டும் என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டதாலும் நடக்கிறது. வாசலில் நசுங்குகிறவன் முட்டாள் என்று வைத்துக்கொண்டால் வாசலின் அகலத்தை யாரும் பார்ப்பதில்லை. அந்த மட்டில் நிஜ லெம்மிங் நல்ல உவமைதான், அவன் குழுவில் சொல்கிற லெம்மிங்தான் உதவாது. இதைச் சொன்னபோது அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளி, திரும்பும் வழி

காலையில் கிளம்புமுன் நிலையத்து ஆளைப் பார்த்து, ஏன் ஏறுகிறது என்பது புரிகிறது, ஏன் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகச் சரிகிறது என்று கேட்டேன். சிரித்தார். எல்டனிலிருந்து இன்றுவரை அடிதடி நடக்கிற கேள்வி அது. கிழக்கு கிரீன்லாந்தில் கில்க், ஹன்ஸ்கி, ஸிட்லர் என்ற ஆராய்ச்சியாளர்கள் மூவரும் 2003இல் காட்டியது: ஸ்டோட் என்ற வீசல் வகை, ஆர்க்டிக் நரி, பனி ஆந்தை, நீள்வால் ஸ்குவா என்ற கடற்பறவை என்று நாலு எதிரிகளை வைத்தே அங்குள்ள லெம்மிங் ஏற்ற இறக்கத்தை விளக்கிவிடலாம். ஸ்காண்டிநேவியாவில் வேறு கட்சி. இங்கே லெம்மிங் தானே வேட்டைக்காரன், அதன் இரை பாசி. பாசி மெதுவாகத்தான் வளரும், மொட்டையடித்துவிட்டால் திரும்ப வர வருடங்கள் ஆகும், என்று துர்ச்சின், ஒக்ஸனன் கூட்டம் 2000இல் வாதிட்டது. செவ்வாயன்று மொட்டைப் பாசியைப் பார்த்த பிறகு நான் கொஞ்சம் இந்தக் கட்சி.

இப்போது பெரிய கவலை பனி. தெற்கு நார்வேயில் ஃபின்ஸே என்ற மலைப்பகுதியில் 1970 முதல் எண்ணி வந்ததில் 1994க்குப் பிறகு பெருக்கம் வருவதே நின்றுபோனது. 2008இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு அதைப் பனியின் தன்மையோடு முடிச்சுப் போட்டது: குளிர்காலத்தில் நடுவில் உருகி மறுபடி உறைந்தால் தரையோடு ஐஸ் பிடித்துக்கொள்ளும், அந்த இடைவெளி போய்விடும், பாசி கண்ணாடிக்குள் மாட்டிக்கொள்ளும். 2011இல் திரும்ப ஒரு பெரிய லெம்மிங் வருடம் வந்தது, எனவே கதை முடிந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அது வராத வருடங்களில் மற்றவர்கள் பட்டினி. பனி ஆந்தை முட்டையே போடாமல் வேறு எங்கோ போய்விடும். ஆர்க்டிக் நரி, கில்பிஸ்யர்வி இருக்கும் இந்த எனொன்டேக்கியோ வட்டாரத்தில் 2022இல் குட்டி போட்டது, பின்லாந்தில் 1996க்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

ஷிபொத்ன் இறக்கத்தில் ஒரு நீள்வால் ஸ்குவா வண்டிக்கு மேல் சுற்றியது, அல்லது ஸ்குவா என்று நாங்கள் முடிவு செய்த ஏதோ ஒன்று. ட்ரோம்சோவில் ராத்திரி விமானம்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. லெம்மிங் நிறைய இருக்கும் வருடத்தில் ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள், செத்த லெம்மிங் கிடந்த தண்ணீரில் துலரீமியா என்ற காய்ச்சல் பரவும், கொதிக்க வைத்துக் குடியுங்கள். கையால் தூக்கவே வேண்டாம், கடிக்கும், அதைத்தான் அது ஆரம்பத்திலிருந்தே கத்திச் சொல்கிறது. ரெயின்டீருக்கு ஹாரன் அடித்துப் பலனில்லை. மல்லா படகின் நேரம் பின்லாந்துக் கணக்கு, நார்வேயை விட ஒரு மணி நேரம் முன்னால். புதன்கிழமை ட்ரோம்சோ பக்கமிருந்து வந்த ஒரு குடும்பம் கரையில் நின்று எங்கள் படகு போவதைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தது, நாங்கள் வழியனுப்புகிறார்கள் என்று நினைத்துத் திருப்பிக் கையாட்டினோம்.